அர்த்தம் தெரியாமல் பாடிய ஐந்து வரி

"வாய்வழிக் கதையை எல்லாம் வரலாறு என்று எப்படி எடுத்துக்கொள்வது? காகிதம் எங்கே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். டீக்கடை விவாதம்தான். அப்போது சட்டென்று பதில் வரவில்லை. வழக்கம்போல வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அமெரிக்காவில் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரமும் அதையொட்டிய தீவுகளும் கல்லா மக்களின் ஊர். (நம் கடைக் கல்லா இல்லை.) ஜார்ஜியா பக்கம் கீச்சி என்பார்கள். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள். நெல்லில் பணம் பார்த்த பண்ணையார்களுக்கு நெல் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன. அதனால் மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் சியரா லியோன் பக்கத்து ஆட்களைக் கேட்டு வாங்கினார்கள். கோடை வந்தால் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் கிளம்பிவிடுவார்கள். தீவுகளுக்கு இருபதாம் நூற்றாண்டு வரை பாலமும் கிடையாது. அப்படித் தனித்து விடப்பட்டதில் பேச்சும் கதையும் கூடை முடைவதும் தப்பிப் பிழைத்தன. முயல் அண்ணன் தன்னைவிடப் பெரிய மிருகங்களை ஏமாற்றும் கதைகளைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார்கள். விடியலுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'டே க்ளீன்'. பொழுதைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி!

படித்த மனிதர்கள் இந்தப் பேச்சை வெகுகாலம் 'உடைந்த ஆங்கிலம்' என்றார்கள். லோரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் அப்படி நினைக்கவில்லை. 1929இல் தென் கரோலினாவில் பாடம் நடத்தப் போன இடத்தில் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அப்புறம் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாக அலைந்தார். லண்டனுக்குப் போய் ஆப்பிரிக்க மொழிகள் படித்தார். 1949இல் புத்தகமாக வந்தபோது அதில் ஆப்பிரிக்க வேர் கொண்ட சொற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவை ஆட்களின் பெயர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்பது அங்கே வழக்கம். வீட்டுப் பெயரைக் 'கூடைப் பெயர்' என்பார்கள். வெளியாள் கேட்டால் பள்ளிப் பெயர்தான் கிடைக்கும். முன்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை எழுதிக்கொண்டு, 'இங்கே ஆப்பிரிக்கா ஒன்றும் மிச்சமில்லை' என்று போய்விட்டார்கள்.

டர்னர் 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற ஊருக்குப் போனார். அங்கே அமீலியா டாலி என்ற பெண் ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். வழிவழியாக வந்த பாட்டு. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. அவர் மகள் மேரி மோரனுக்கு அது சின்ன வயதில் ஆடிப் பாடிய குஷியான பாட்டு, அவ்வளவுதான்.

சியரா லியோனைச் சேர்ந்த மாணவர் ஒருவர் பதிவைக் கேட்டுவிட்டு, இது தங்கள் நாட்டு மெண்டே மொழி என்றார். சரி, எந்த ஊர்? அதற்கு அரை நூற்றாண்டு ஆனது. மானுடவியலாளர் ஜோசப் ஒப்பாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், மொழியியலாளர் தாசீஃப் கொரோமா மூவரும் தேடினார்கள். பாட்டில் ஒரு சொல் தென்பகுதி மெண்டே வழக்கில் மட்டும் வருவது என்று கொரோமா பிடித்தார். அந்தப் பக்கமாக ஊர் ஊராகப் போனதில், 1990 வாக்கில், செனஹுன் இங்கோலா என்ற சிற்றூரில் பைந்து ஜபாத்தி என்ற பெண் அதே பாட்டைப் பாடினார். பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். தொலைந்து போன சொந்தங்கள் ஒருநாள் வருவார்கள், இந்தப் பாட்டை வைத்து அடையாளம் கண்டுகொள் என்று பாட்டி சொல்லி வைத்திருந்தாராம்.

அது சாவுப் பாட்டு. எல்லோரும் வாருங்கள், வேலையைப் பாருங்கள், குழி இன்னும் முடியவில்லை, போனவரின் நெஞ்சு ஆறட்டும் என்பதுதான் பொருள். கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அதற்கு ஆடியிருக்கிறார்கள்.

அர்த்தம் தெரியாமல் பாடுவதை நானே கேலி செய்திருக்கிறேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன். 'புரியாததை ஏன் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்' என்று அந்த வீட்டில் ஒரே ஒரு அம்மா நினைத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அழகான கதையாகிவிடுகிறது என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: அதே தீவுகளில் எத்தனையோ பாட்டுகள் பதிவுக் கருவி வருவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி நண்பர் கேட்ட காகிதம். ஹாரிஸ் நெக் மக்களிடம் நிலம் இருந்தது. அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவர்கள் கைக்கு வந்த நிலம். 1942இல் ராணுவ விமானதளம் வேண்டும் என்று அரசு எடுத்துக்கொண்டது. சில வார அவகாசம்தான். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. 1962இல் வனவிலங்குச் சரணாலயமாக்கிவிட்டார்கள். வாரிசுகள் நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. பத்திரம் இருந்த நிலம் போய்விட்டது. பத்திரம் இல்லாத பாட்டு அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதில் எது வரலாறு, எது கதை என்று அவரே சொல்லட்டும்.

மேரி மோரன் 1997இல்தான் செனஹுன் இங்கோலாவுக்குப் போக முடிந்தது; இடையில் சியரா லியோனில் உள்நாட்டுப் போர். எழுபதைத் தாண்டிய வயதில், அம்மாவின் விளையாட்டுப் பாட்டை அதன் சொந்த ஊர்க்காரர்களோடு, அந்தப் பாட்டுக்கு உரிய, வழக்கொழிந்து போயிருந்த இறுதிச் சடங்கின் நடுவில் நின்று பாடினார்.