படிக்காவிட்டால் ஈராக், படிக்காவிட்டால் கொழுந்து

2006 ஒக்டோபர் 30ஆம் திகதி கலிபோர்னியாவின் பாசடீனா நகரக் கல்லூரியில் ஒரு தேர்தல் பிரசாரக் கூட்டம். அமெரிக்க செனட்டர் ஜோன் கெரி மாணவர்களைப் பார்த்துப் பேசினார். நன்றாகப் படித்து, வீட்டுப்பாடம் செய்து, புத்திசாலியாக இருக்க முயன்றால் முன்னுக்கு வரலாம், இல்லாவிட்டால் ஈராக்கில் போய் மாட்டிக்கொள்வீர்கள் என்றார். பகிடியாகச் சொன்னதுதான். அதற்கடுத்த இரண்டு நாட்கள் அமெரிக்காவில் வேறு பேச்சே இல்லை.

படையினரை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டார், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ஜனாதிபதி புஷ். வியட்நாமில் சிறையிருந்த ஜோன் மெக்கெய்னும் அதையே சொன்னார். தேர்தலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சொந்தக் கட்சி வேட்பாளர்களே கெரியைத் தங்கள் மேடைக்கு அழைக்கப் பயந்தார்கள். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று முதலில் நின்றவர் நவம்பர் 1ஆம் திகதி கேட்டுவிட்டார். ஈராக்கில் இருந்த மினசோட்டா தேசியக் காவல் படையினர் சிலர், ‘ஜோன் கெரி, எங்களைக் காப்பாற்றுங்கள், ஈராக்கில் மாட்டிக்கொண்டோம்’ என்று வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளோடு ஒரு பதாகை எழுதிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். அந்த இரண்டு நாட்களில் மேடையில் கத்திய எவரையும் விட அந்தப் பையன்கள்தான் கண்ணியமாகப் பதில் சொன்னார்கள்.

கெரி எழுதி வைத்திருந்தது வேறு. அதில் அடி புஷ்ஷுக்குத்தான். படிக்காமல், யோசிக்காமல் நடக்கிற தலைவர் நம்மை ஈராக்கில் மாட்டிவிடுவார் என்பதுதான் சொல்ல வந்த விஷயம், மேடையில் தடுமாறிவிட்டது என்று விளக்கம் கொடுத்தார்கள். நான் அதை நம்புகிறேன். வியட்நாமில் கடற்படைப் படகில் போர் செய்து, காயத்துக்கான பதக்கத்தை மூன்று முறை வாங்கி, திரும்பி வந்து 1971இல் செனட் குழுவின் முன் அந்தப் போருக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதர் அவர். சிப்பாயை மட்டமாக நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, அப்படியென்றால் கேட்ட அத்தனை பேருக்கும் அது சிப்பாய்களைப் பற்றிய பேச்சாகவே எப்படிக் கேட்டது? அந்த எண்ணம் ஏற்கெனவே எல்லோர் மனதிலும் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். படிக்காதவன் பட்டாளத்துக்குப் போவான் என்பது அந்த நாட்டில் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த நம்பிக்கை. கெரியின் வாய் தடுமாறியதும் அது வெளியே வந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

உண்மை நேர்மாறானது. அமெரிக்கப் படையில் சேருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். அவர்களில் நிறையப் பேர் மேலே படிக்கப் பணம் இல்லாததால் சேர்ந்தவர்கள். படையில் இருந்து வந்தால் கல்லூரிச் செலவை அரசாங்கம் தரும் என்ற ஏற்பாடு அங்கே 1944இலிருந்து இருக்கிறது. ஆக, படிப்பு வேண்டாம் என்று ஓடியவன் அல்ல அவன், படிப்புக்கு விலையாகத் தன் உயிரையே வைத்தவன். அவனைப் பார்த்து ‘படிக்காததால் இங்கே வந்தாய்’ என்றால் எப்படி இருக்கும்? கோபம் நியாயம்தான். ஆனால் கோபப்பட்ட தலைவர்களில் எத்தனை பேர், ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போக ஏன் போர்க்களம் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார்கள்?

நான்கு மாதம் கூட ஆகவில்லை. 2007 பெப்ரவரியில் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வோல்டர் ரீட் இராணுவ மருத்துவமனையின் நிலையை எழுதியது. ஈராக்கிலிருந்து காயத்தோடு திரும்பியவர்கள் பூஞ்சணம் பிடித்த சுவர்களுக்கும் எலிகளுக்கும் நடுவே கிடந்தார்கள். சிகிச்சைக்கும் கொடுப்பனவுக்கும் படிவம் படிவமாக நிரப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இராணுவச் செயலாளர் பதவி விலக வேண்டி வந்தது. சிப்பாயின் மானத்துக்காக ஒக்டோபரில் கொதித்த அதே அரசாங்கத்தின் கையில்தான் அந்த மருத்துவமனையும் இருந்தது.

நம் இலங்கையிலும் இதைப் பார்த்தோம். யுத்தம் உச்சத்தில் இருந்தபோது எந்த மாடும் யுத்தம் செய்யும் என்ற மாதிரி எதிர்க்கட்சி எம்.பி. லக்ஷ்மன் கிரியெல்ல பேசினார். இராணுவம் ஆனையிறவுக்கு, சிங்களத்தில் அலிமங்கடவுக்கு, போவதாகச் சொல்லிக் கொழும்பின் பாமன்கடைக்குத்தான் போகிறது என்று அதே தரப்பு ரவி கருணாநாயக்க கேலி செய்தார். அந்தப் பேச்சுகளை அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ தரப்பு வருடக்கணக்காக மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு போனது, ‘ரணவிருவை, அதாவது போர் வீரர்களை, அவமதித்தவர்கள்’ என்று. பிறகு? 2010 ஜனவரித் தேர்தலில் எதிர்த்துப் போட்டியிட்ட முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை அடுத்த மாதமே அதே அரசாங்கம் கைது செய்தது. 2016 நவம்பரில், வேறொரு அரசாங்கத்தின் காலத்தில், ஓய்வூதியம் கேட்டு கொழும்பில் போராடிய அங்கவீனமுற்ற படையினர் மேல் பொலிஸார் தண்ணீர் பீய்ச்சியடித்தார்கள். கால் இழந்தவர்கள் மேல். ஒரு பகிடிக்குப் பொங்கிய நாடு அன்றைக்கு எவ்வளவு பொங்கியது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இராணுவத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையகத்திலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன நம் பையன்கள் சோதனைச் சாவடிகளில் எப்படி நின்றார்கள், எத்தனை பேர் சந்தேகத்தின் பேரில் உள்ளே போனார்கள் என்பது நமக்குத் தெரியும். வடக்கில் நடந்ததும் தெரியும். அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது, அதை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆனால் மொனராகலையில் காணி இல்லாத ஒரு வீட்டுப் பையன் சீருடை போட்டதற்கும், நம் அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கக் கூடை மாட்டியதற்கும் பின்னால் இருப்பது ஒரே மாதிரியான கையறு நிலை. அதைப் பார்க்காமல் இருக்கவும் எனக்கு முடியவில்லை.

கெரி சொன்ன அந்த வாக்கியத்தை நான் இங்கே, நம் மலைகளில், தினமும் கேட்கிறேன். அதனால்தான் இந்தப் பழைய கதையைக் கிளறுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் பரிசளிப்பு விழா. பிரதம அதிதி ஓர் அரசியல்வாதி. பிள்ளைகளைப் பார்த்து, “ஒழுங்காப் படிங்க. இல்லேன்னா அம்மா மாதிரி கூடையை மாட்டிக்கிட்டு மலையேற வேண்டியதுதான்” என்றார். மண்டபம் சிரித்தது. ஆசிரியர்கள் சிரித்தார்கள். பின்வரிசைகளில் தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், மலையில் பாதி நாள் நின்று, அரைப்பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, இறங்கி, வீட்டில் முகம் கழுவிச் சேலை மாற்றி வந்தவர்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மா பரிசு வாங்கப் போகிற மகளின் பின்னலைச் சரி செய்துகொண்டிருந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. அந்தப் பேச்சைக் கேட்டதும் கை அப்படியே நின்றது. மகள் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக மேடையையே பார்த்தாள்.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைத்த பரிசு ஒரு பக்கம் இருக்கட்டும். தாயைப் பார்த்து வெட்கப்படவும் அன்றைக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மா படிக்காததால் கொழுந்துக்குப் போகவில்லை. அவருடைய தாய் காலத்தில் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. பல தோட்டங்களில் ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1948இல் நம் சனத்தின் குடியுரிமையே பறிபோயிற்று. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத சனத்துக்கு யார் வந்து பாடசாலை கட்டுவார்கள்? ஒரு சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாக லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், அடைத்து வைத்துவிட்டு, ‘நீ படிக்கவில்லை, அதனால்தான் இங்கே இருக்கிறாய்’ என்று அவர்கள் பிள்ளைகளிடமே சொல்வது எவ்வளவு பெரிய பொய்!

இன்றைக்கு நம்மிடையே இருக்கும் ஆசிரியர்கள், தாதியர், வழக்கறிஞர்கள், வங்கி ஊழியர்கள் எல்லோரையும் படிக்க வைத்தது எந்தப் பணம்? அந்தக் கூடையில் வந்த பணம். மழைக்குக் கம்பளி போட்டு, அட்டைக்கடியோடு, கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம் என்ற பயத்தோடு பறித்த பணம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்று 2015இல் கேட்கத் தொடங்கியது, வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆயிற்று. அந்த ஆறு வருடத்தில் அரிசி விலை எங்கே போனது என்று வீட்டில் உலை வைப்பவர்களைக் கேளுங்கள். பரிசளிப்பு விழாவில் சிரிக்க வைத்த அந்தப் பிரதம அதிதி இதைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பேச்சு நமக்குள் ஒரு சலசலப்பைக் கூட உண்டாக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. ஈராக்கில் இருந்த பையன்களுக்குப் பதாகை பிடிக்கத் தோன்றியது. நாம் கைதட்டினோம். பிள்ளைகள் நல்லாயிருக்கணும் என்றுதானே சொல்கிறார் என்று சமாதானம் வேறு. பிள்ளைகள் நல்லாயிருக்கத்தான் வேண்டும். கொழுந்துக்குப் போகாமல் வேறு நல்ல வேலைக்குப் போகட்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அதற்காக அம்மாவைப் பூச்சாண்டியாகக் காட்ட வேண்டுமா? க.பொ.த. உயர் தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு எங்கள் வலயத்தில் ஆசிரியர் இல்லாததைப் பற்றிப் பேசலாமே. லயத்துப் பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு மேசைக்கு இடமில்லாததைப் பற்றிப் பேசலாமே.

எங்கள் பாடசாலையிலும் இந்த வருடப் பரிசளிப்பு விழா வருகிறது. பேச வருபவர் யாராக இருந்தாலும் இந்த வாக்கியத்தை மேடையில் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என அதிபரிடம் கேட்டிருக்கிறேன், அவரும் சரி என்றிருக்கிறார். மற்றப் பாடசாலைகளில் இருக்கும் ஆசிரியர் நண்பர்களும் பழைய மாணவர்களும் இதையே உங்கள் அதிபர்களிடம் கேளுங்கள். மீறி யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து பேசுங்கள். தாய்மார் அங்கேதான் இருப்பார்கள்.