மிக்ஸி கார்பனும் என் சனிக்கிழமை இரவுகளும்

கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி வரும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளும், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நாங்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாமல் கிடக்கும் ஒரு தென்னை நார் மில்லின் களத்தில், ரிமோட்டில் ஓட்டும் சின்ன ஆர்.சி. கார் பந்தயம் விடுகிறோம். பிரஷ்லெஸ் மோட்டாரும் அதற்கான கண்ட்ரோலரும் வாங்க எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், 27 சுற்றுக் காயில் கொண்ட, பிரித்து மாட்டக்கூடிய 540 அளவு பிரஷ் மோட்டார் (பிரஷ் என்னும் கார்பன் துண்டுகள் உரசி மின்சாரம் கொடுக்கும் வகை) மட்டும்தான் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பிரஷ்கள் உரசும் செம்பு உருளையான கம்யூடேட்டரைக் கடைய என்னிடம் ஒரு சின்ன லேத் இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து என் சனிக்கிழமை இரவுகள் என்னுடையவையாக இல்லை.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தம்பி வந்து நின்றான். "அண்ணா, நாளைக்கு ரேஸ் இருக்குதுங்க, மோட்டார் இழுக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றான். பிரித்துப் பார்த்தால், உள்ளே மிக்ஸிக்குப் போடும் கார்பனை 4 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டராக அரத்தால் ராவி அடைத்து வைத்திருக்கிறான். கேட்டால், "கார்பன் எல்லாம் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்கிறான்.

ஒன்றல்ல ஐயா, ஒன்றே அல்ல. மிக்ஸி 230 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் இரண்டு கார்பன்களும் கம்யூடேட்டரைத் தொடும் இடத்தில் 2 வோல்ட் விரயமானாலும் சட்னி அரைபடத்தான் செய்யும். நம் மோட்டாருக்கு மொத்தமே 7.2 வோல்ட், அதில் 2 வோல்ட்டைத் தொடும் இடத்திலேயே தொலைத்துவிட்டால், கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகப் போய்விடுகிறது. இதற்காகத்தான் குறைந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர் இழுக்கும் மோட்டார்களுக்குச் செம்போ வெள்ளியோ கலந்த பிரஷ் செய்கிறார்கள். சரியான பிரஷ் வாங்க இணையத்தில் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதை நானும் அறிவேன். ஆனால் அவசரத்துக்கு எதையாவது அடைத்துவிட்டு, கருகிய கம்யூடேட்டரோடு என் வாசலில் வந்து நிற்பது எந்த ஊர் நியாயம்?

கருகியது மட்டுமல்ல, அதில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமும் விழுந்திருந்தது. வட்டம் கெட்ட கம்யூடேட்டர், நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது பிரஷைத் தூக்கித் தூக்கி எறியும். எறியும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். பொறி பட்ட இடம் இன்னும் கரடாகும். கடைவதைத் தவிர வழியில்லை. ஆனால் கம்யூடேட்டரில் இருக்கும் செம்பு கொஞ்சம்தான், அதைக் கடையலாமே தவிரத் திரும்ப வளர்க்க முடியாது. பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் சீவி எடுத்து, மூன்று துண்டுகளுக்கு நடுவே உள்ள பிளவுகளில் சிக்கிய செம்புத் தூளை மெல்லிய பிளேடால் சுரண்டி முடிப்பதற்குள் பத்தரை ஆகிவிட்டது. அந்தப் பிளவில் ஒரு பிசிறு நின்றாலும் இரண்டு துண்டுகளும் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், இதை அவசரமாகச் செய்ய முடியாது.

என் கைவசம் இருந்த கடைசி ஜோடி பிரஷை அதில் போட்டேன். புதுப் பிரஷின் முகம் கம்யூடேட்டரின் வளைவுக்குப் படியும்வரை 2, 3 வோல்ட்டில், சுமை இல்லாமல் ஓடவிட வேண்டும். படியாத பிரஷ் ஒரு கோட்டில் மட்டுமே தொடும், அத்தனை ஆம்பியரும் அந்தக் கோட்டின் வழியாகவே பாயும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன், "போதும் விடுங்கண்ணா, ஓட ஓடச் சரியாயிரும்" என்று வயரைப் பிடுங்கினான். அவ்வளவு அவசரக்காரன் ஒரு வாரம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, மோட்டாரைக் கையில் பிடித்து பேட்டரியைத் தொட்டு, அது கீச்சென்று கத்தினால் கைதட்டும் கூட்டம். காந்தம் வலுவிழந்த மோட்டாரும் சுமையில்லாமல் வேகமாகத்தான் சுற்றும், நிறைய ஆம்பியரும் இழுக்கும். காரில் மாட்டித் தரையில் விட்டால் முதல் வளைவிலேயே மூச்சு வாங்கும். பின்மூடியைத் திருப்பி டைமிங்கை (பிரஷ் காயிலுக்கு மின்சாரத்தை மாற்றிவிடும் நேரத்தை முன்தள்ளுவது) கூட்டுவதிலும் இதே கதைதான்: கத்தல் கூடும், கூடவே சூடும் கூடும். அதற்கு மேல் இரண்டு பல் பெரிய பினியனையும் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) மாட்டிவிட்டு, 'ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியவில்லையே' என்று என்னிடம் வியக்கிறார்கள்.

எங்கள் களத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மஞ்சி நார் பறக்கிறது. அது மோட்டாரின் ஓட்டை வழியாக நுழைந்து காயில் சுற்றிய சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் தண்டில் சுற்றிக்கொள்ளும். நார்த்தூள் பிரஷ் கூட்டுக்குள் போனால் பிரஷ் நகராமல் நின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கிளீனர் அடித்து, தண்டைத் தாங்கும் இரு முனைப் புஷ் வளையங்களிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. இதைச் செய்பவர்கள் எங்கள் கூட்டத்தில் மூன்று பேர். மற்றவர்கள் எண்ணெயைக் கம்யூடேட்டர் மேலேயே ஊற்றுகிறார்கள். அது கார்பன் தூளோடு குழைந்து கண்மைபோல் பிளவுகளை அடைத்துக்கொள்கிறது.

அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓட்டத்திலேயே நின்றுவிட்டான். படியாத பிரஷும், நான் கழற்றச் சொன்ன பெரிய பினியனும் சேர்ந்து மோட்டாரைப் பொசுக்கியிருந்தன. களத்தில் நின்றவர்களிடம் அவன் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது: "அண்ணன் லேத் போட்டதுக்கப்புறம்தான் போச்சு."

இன்று மாலை வேலையிலிருந்து வந்து பார்த்தால், திண்ணையில் ஒரு பையில் இரண்டு மோட்டார்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வருகிறது.