டிசம்பரில் பெற்றது எங்கள் குற்றமா?

என் மகள் பிறந்தது டிசம்பர் 28. அவளுக்கு ஏழு வயது நிறைந்த கேக்கின் மிச்சம் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதற்குள் ஜனவரி 1 வந்துவிட்டது. அவள் ஓட்டும் பிஎம்எக்ஸ் எனும் சின்னச் சைக்கிள் பந்தயத்தின் கணக்கில் அவளுக்கு எட்டு வயதும் ஆகிவிட்டது! நடப்பு ஆண்டில் பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதுதான் வயதாம். மாதமும் தேதியும் யாருக்கும் வேண்டாம். உலகச் சைக்கிள் சம்மேளனமான யுசிஐ போட்ட கணக்கு இது. நாங்கள் வாழும் ஆஸ்திரேலியாவிலும் இதேதான்.

விதி எழுதுகிறவர்களுக்கு இது சுலபம், கழித்தல் தெரிந்தால் போதும். பெடலை மிதிப்பது அவர்களா என்ன?

பந்தயம் தொடங்கும் கேட் அருகே வந்து நின்று பாருங்கள். முன்சக்கரம் கேட்டில் முட்டியிருக்க, இரண்டு கால்களும் பெடலில் இருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் பிள்ளைகள். "ரைடர்ஸ் ரெடி, வாட்ச் த கேட்" என்கிறது ஒலிபெருக்கி. பக்கத்துத் தடத்தில் அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த பெண். முகம் மூடிய அந்தப் பெரிய ஹெல்மெட்டையும் சேர்த்து அளந்தாலும் என் மகள் அவள் தோளுக்குத்தான் வருகிறாள். கேட் விழுந்ததும் மேட்டிலிருந்து இறங்கும் முதல் நாலைந்து மிதியில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே முதல் வளைவு. பந்தயமே ஒரு நிமிடம் ஓடாது. விட்டதை எங்கே போய்ப் பிடிப்பது? நாற்பது வயதில் ஓர் ஆண்டு கூடினால் நாலு முடி நரைக்கும், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த வாழ்வில் ஏழில் ஒரு பங்கு.

இதில் இன்னொரு கொடுமை, ஆள் சேராத வயது வகுப்பை அடுத்த மேல் வகுப்போடு இணைத்துவிடுவது. பெண் பிள்ளைகள் வருவதே குறைவு என்பதால் அடிக்கடி அடிபடுவது அவர்கள்தான். உண்மையில் ஏழு வயதுக்காரி, காகிதத்தில் எட்டு, களத்தில் ஒன்பது வயதுக்காரிகளோடு மோதுகிறாள். பதிவு மேசையில் கேட்டால், "விதி அப்படி, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். சம்பளம் வாங்காமல் வந்து உழைக்கிறவர்கள் என்பதால் அவர்களிடம் கத்தவும் மனம் வரவில்லை.

"எங்கே கோடு கிழித்தாலும் யாராவது மாட்டத்தானே செய்வார்கள்?" என்று நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. சரி, மாட்டட்டும். ஆனால் ஆண்டுதோறும் அதே பிள்ளைதான் மாட்ட வேண்டுமா? அமெரிக்காவில் யுஎஸ்ஏ பிஎம்எக்ஸ் என்ற அமைப்பு நடத்தும் பந்தயங்களில், போட்டி நாளன்று என்ன வயதோ அதுதான் வயது. பிறந்தநாள் வந்தால் வகுப்பு மாறும். கணக்கு வைப்பது தொல்லைதான், ஆனாலும் வைக்கிறார்கள். போதாததற்குத் தொடக்கநிலை, இடைநிலை, தேர்ந்தவர் என்று திறமைப்படியும் பிரிக்கிறார்கள்.

நுணுக்கமாகப் பிரிக்கத் தெரியாத யுசிஐ என்றும் சொல்வதற்கில்லை. தொழில்முறை அல்லாதவர்கள் ஓட்டும் சாலஞ்ச் பிரிவில் 16 வயதுப் பையனுக்குத் தனி வகுப்பு. 17 ஆனதும் 17 முதல் 24 வரை எல்லோரையும் ஒன்றாக அடைத்துவிடுகிறார்கள். மீசை அரும்புகிற பையன் முற்றிய இளைஞனோடு முட்டிக்கொள்ளலாம், அதில் அநியாயம் எதுவும் இல்லையாம். ஆனால் 24 அங்குலச் சக்கரம் வைத்த க்ரூஸர் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள்: ஆண்களுக்கு 35–39, 40–44, 45–49 என்று ஐந்தைந்து ஆண்டாக அழகாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். பாவம், 44 வயது மாமா 45 வயது மாமாவோடு மோத வேண்டி வந்துவிட்டால் தாங்குவாரா?