கோமெட்டுக்கு முன்னால் வைகவுன்ட்

பயணிகள் விமானத்தில் ஜெட் யுகம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், விமானப் பைத்தியங்கள் எல்லோரும் 1952, பிரிட்டனின் கோமெட் ஜெட் விமானம் என்பார்கள். சரிதான். ஆனால் டர்பைன் எஞ்சின் (சூடான வாயு சக்கரத்தைச் சுழற்றும் எஞ்சின், ஜெட்டுக்கும் அடிப்படை அதுதான்) பூட்டிய விமானம் ஒன்று டிக்கெட் வாங்கிய பயணிகளோடு அதற்கு இரண்டு வருடம் முன்பே பறந்துவிட்டது. 1950 ஜூலை 29, லண்டன் நார்த்தோல்ட்டிலிருந்து பாரிஸுக்கு. விக்கர்ஸ் வைகவுன்ட். டர்பைனின் சுழற்சியை கியர் வழியே குறைத்து ப்ரொப்பல்லருக்குக் கொடுக்கும் டர்போப்ராப். அந்தத் தேதியை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.

இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, போருக்குப் பிறகு என்னென்ன பயணிகள் விமானங்கள் வேண்டும் என்று பிரிட்டனில் பிரபசான் குழு யோசித்தது. அதில் பிறந்ததுதான் இது. முதலில் வைஸ்ராய் என்று பெயர். 1947இல் இந்தியா விடுதலை பெற்றதும் அந்தப் பெயர் போய் வைகவுன்ட் ஆனது. 1948 ஜூலையில் முதல் பறப்பு. ஆனால் அதற்குள் பிஇஏ (பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ்) விமான நிறுவனம் பிஸ்டன் எஞ்சின் கொண்ட அம்பாசடர் விமானங்கள் 20க்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. 32 இருக்கை வைகவுன்ட் கட்டுப்படியாகாது என்று நினைத்தார்கள்.

காப்பாற்றியது வைகவுன்ட்டில் பூட்டிய ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பாத்திரம் அதுதான். காற்றை அழுத்த மற்றவர்கள் வரிசையான விசிறித் தட்டுகள் கொண்ட நவீனமான ஆக்ஸியல் அமைப்புக்குப் போனபோது, டார்ட் காற்றைச் சுழற்றி வெளிப்புறமாக வீசி அழுத்தும் பழைய சென்ட்ரிஃப்யூகல் முறையிலேயே நின்றது. முதலில் எடை கூடுதல், சக்தி குறைவு. விடாமல் திருத்தினார்கள். சக்தி ஏறியதும் தலைமை வடிவமைப்பாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் உடலை நீட்டி 40க்கும் மேல் இருக்கைகள் போட்டார். பிஇஏ திரும்பி வந்தது. கடைசிக் கணக்கு: அம்பாசடர் மொத்தம் 23, வைகவுன்ட் 440க்கும் மேல். டார்ட் எஞ்சின் உற்பத்தி 1987 வரை ஓடியது. பகட்டில்லாத, முரட்டு உழைப்பாளி எஞ்சின்.

பயணிகளுக்கு என்ன கிடைத்தது? பிஸ்டன் முன்னும் பின்னும் அடிப்பதால் வரும் அதிர்வு, மணிக்கணக்கில் உடம்பை உலுக்கும். டர்பைன் சுழல மட்டுமே செய்கிறது. வைகவுன்ட் மேசையில் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டுவார்களாம். அழுத்தம் கட்டிய கேபின் என்பதால் மோசமான மேகங்களுக்கு மேலேயே பறக்கலாம். பெரிய நீள்வட்ட ஜன்னல்கள் வேறு. அமெரிக்காவின் கேப்பிடல் ஏர்லைன்ஸ் பிரிட்டிஷ் விமானமாயிற்றே என்று தயங்காமல் 60 வாங்கியது.

பிறகு ஜெட் மோகம் வந்தது. விக்கர்ஸின் அடுத்த டர்போப்ராப் வேன்கார்டைப் புதிதாக வாங்கியவை இரண்டே நிறுவனங்கள். அமெரிக்காவின் லாக்ஹீட் எலெக்ட்ராவில் 1959இலும் 1960இலும் எஞ்சின் தாங்கியின் அதிர்வு இறக்கை வரை பரவி, இறக்கையே பிய்ந்து இரண்டு விமானங்கள் விழுந்தன. கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். ஆனாலும் டர்போப்ராப் என்றால் பழசு, இடைக்காலச் சரக்கு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது.

அதைத்தான் நான் மறுக்கிறேன். குறைந்த தூரத்துக்கு இதுதான் சரியான எஞ்சின். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும் ப்ரொப்பல்லர், நடுத்தர வேகத்தில் ஜெட்டைவிடக் குறைந்த எரிபொருளே குடிக்கும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏடிஆர் என்ற டர்போப்ராப் விமானம் பறப்பது அதனால்தான். ஜெட் போனால் மிச்சமாவது சில நிமிடங்கள். அதற்காக இதை மட்டமான விமானம் என்று முகம் சுளிப்பது நியாயமே இல்லை.

நம் ஊருக்கும் வைகவுன்ட் வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1957இல் அதைச் சேவையில் விட்டது. அப்புறம் இங்கேயே விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் கட்டிய அவ்ரோ 748இலும் அதே டார்ட்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இவற்றில் பறந்திருந்தால் கேட்டு எழுதுங்கள். பழைய பிஸ்டன் எஞ்சின் விமானமான டக்கோட்டாவிலிருந்து இதற்கு மாறியபோது அவர்களுக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மிகவும் ஆசை.