கேட் ரெஜிஸ்டரில் இருந்த நாலு வரி

போன வாரம் ஒரகடத்திலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "சித்தப்பா, சார்ஜ் மெமோ ஃபார்மட் நல்லதா ஒண்ணு இருந்தா அனுப்புங்களேன்" என்றாள். தொழிலாளி மேல் குற்றம் சாட்டி விளக்கம் கேட்கிற கடிதம் அது. என்ன விஷயம் என்று கேட்டேன். நைட் ஷிஃப்டில் ஒரு பையன், கருகின வாடை வருகிறது என்று யாரையும் கேட்காமல் லைனை நிறுத்திவிட்டானாம். மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பார்த்ததில் ஒன்றும் இல்லை. 40 நிமிட உற்பத்தி போய்விட்டது. நடவடிக்கை எடு என்று மேலே இருந்து சொல்கிறார்கள்.

ஃபார்மட் என்னிடம் இருக்கிறது. 26 வருடம் அதே வேலை பார்த்தவன் நான். ஆனால் அனுப்ப மனசு வரவில்லை. காரணத்தைப் போனில் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1 ராத்திரி சென்னையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்ட ராத்திரி. எங்கள் யூனிட் ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நைட் ஷிஃப்டில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்ட தம்பி ஒருவர், நாலு ஆபரேட்டர்கள், வாட்ச்மேன் பெரியவர். கரண்ட் இல்லை. யார் போனிலும் டவர் இல்லை. கேட்டுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்ததும் அந்தத் தம்பி தெருமுனையில் நின்ற ஒரு டெம்போவைப் பிடித்து, ஃபினிஷ்டு சரக்கு 14 பெட்டி, அளவு சரிபார்க்கும் மாஸ்டர் கேஜ்கள் எல்லாவற்றையும் ஏற்றி, பரங்கிமலைப் பக்கம் மேட்டில் இருந்த மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கேட் பாஸ் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார்.

விடியும்போது ஸ்டோர்ஸில் மார்பளவு தண்ணீர். உருப்படியாகக் கிடைத்தது அந்த 14 பெட்டியும் கேஜ்களும்தான். தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்துத்தான் வினை வந்தது. அந்தப் பெட்டிகளில் மூன்று, ரெட் டேக் போட்ட ரிஜெக்ட் சரக்கு. அவசரத்தில் சேர்த்து ஏற்றியிருக்கிறார். மழையில் டேக் பிய்ந்து போயிருக்கிறது. திரும்பி வந்ததும் நல்ல சரக்கோடு கலந்து கஸ்டமருக்குப் போய், அங்கிருந்து மொத்த லாட்டும் திரும்பிவிட்டது. அப்புறம்தான் "கேட் பாஸ் இல்லாமல் அனுப்பியது யார்?" என்ற கேள்வி எழுந்தது. தட்டின அதே கைகள்தான் என்னை மெமோ எழுதச் சொன்னன.

எழுதினேன். "அனுமதியின்றி நிறுவனத்தின் சொத்தை வெளியே கொண்டு சென்றது." எங்கள் நிலையாணைகளில், அதாவது கம்பெனியின் வேலை, ஒழுங்கு விதிகளில், அந்த வாசகம் திருட்டோடு சேர்ந்த பிரிவில் இருந்தது. வேறு எதிலும் பொருந்தவில்லை என்று அதிலேயே போட்டேன். அவரை சஸ்பெண்ட் செய்தோம். பிழைப்பூதியம் என்று முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். வீட்டில் கைக்குழந்தை.

மூன்றாவது என்கொயரி நாளில் வாட்ச்மேன் பெரியவர் கேட் ரெஜிஸ்டரை அவராகவே எடுத்துக்கொண்டு வந்தார். நனைந்து காய்ந்து உப்பிப்போயிருந்தது. டிசம்பர் 1-ஆம் தேதிப் பக்கத்தில் நாலு வரி. நேரம், டெம்போ நம்பர், எத்தனை பெட்டி, மச்சான் வீட்டு முகவரி. கீழே கையெழுத்து. "திருடுறவன் அட்ரஸ் எழுதி வெச்சிட்டுப் போவானா சார்?" என்றார் பெரியவர். அந்த ரெஜிஸ்டரைப் பார்க்காமலே நான் மெமோ எழுதியிருந்தேன். அதற்கு எனக்கு இன்றைக்கும் சமாதானம் கிடையாது.

சட்டம் தெரியாமல் செய்யவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று அமலில் இருந்த 1946-ஆம் வருட நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளைப் பாருங்கள். மேலதிகாரி பேச்சை மீறுவது, பொருளைச் சேதப்படுத்துவது இரண்டுக்கும் முன்னால் 'வேண்டுமென்றே' என்ற சொல் இருந்தது. தண்டனை கொடுக்கும்போது தவறு எவ்வளவு பெரியது, ஆளின் பழைய ரெக்கார்டு என்ன, குற்றத்தைக் குறைத்துக் காட்டும் சூழ்நிலை ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. ஜே. அகமது என்ற அதிகாரியின் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம், திறமைக் குறைவோ சூழ்நிலையைத் தப்பாகக் கணித்ததோ மட்டுமே ஒழுங்கீனம் ஆகிவிடாது என்றது. அலட்சியத்தால் பெரிய பாதிப்பு வந்தால் அது வேறு கதை என்பதையும் சேர்த்தேதான் சொன்னது. டிஸ்மிஸ் அதிகப்படி என்று தோன்றினால் லேபர் கோர்ட்டே தண்டனையைக் குறைக்கலாம் என்று 1971-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் 11ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆளின் மனசையும் பார் என்று சட்டம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள்தான் ஃபார்மட்டில் பேரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம்.

நல்ல எண்ணம் இருந்தால் எதையும் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பிரஸ் ஷாப்பில் டார்கெட் முடிக்க வேண்டும் என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை பைபாஸ் செய்கிறவனும் கம்பெனிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறான். அங்கே போவது அடுத்தவன் விரல். அதில் தயவு காட்டக் கூடாது, அன்றைக்கே மெஷினை விட்டு இறக்க வேண்டும். ஆனால் அந்த டார்கெட்டை வைத்த சூப்பர்வைசரையும், பைபாஸ் நடப்பது தெரிந்தும் சும்மா இருந்த எங்களைப் போன்றவர்களையும் அதே மேசைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். அது நடந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டோர்ஸ் தம்பிக்கு இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. ரொம்பக் கருணையோடு முடித்ததாக அன்று நினைத்தோம். இப்போது கேட்டால், பெட்டி வெளியே போனதற்கு ஒரு தண்டனையும் கூடாது என்பேன். வெள்ளத்தில் கேட் பாஸ் இல்லையென்றால் என்ன செய்வது என்று விதி எழுதாதது எங்கள் தப்பு. ரெட் டேக் கலந்தது அவர் தப்பு. அதற்கு உட்கார வைத்துப் பேசி, ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால் போதும். போன பெட்டிகளை மறுபடி செக் செய்யாமல் சரக்கு அனுப்பிய குவாலிட்டி ஆட்களுக்கும் அதே கடிதம் போயிருக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு அடுத்த வருடம், 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மதியம் காற்றில் எங்கள் ஷெட்டின் கூரை ஷீட் பிய்த்துக்கொண்டது. கீழே இரண்டு மெஷினின் கன்ட்ரோல் பேனலில் மழை நேராகக் கொட்டுகிறது. தார்ப்பாய் ஸ்டோர்ஸில் இருக்கிறது. சாவி அந்தத் தம்பியின் இடுப்பில். கேட்டவர்களிடம், இஷ்யூ ஸ்லிப்பில் மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்றார். மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார், போன் போகவில்லை. ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்ட யாருக்கும் வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். இரண்டு பேனலும் போயின.

மறுநாள் அவரிடம் "ஏம்ப்பா?" என்று கேட்டேன்.

"ரூல்படிதானே சார் செஞ்சேன்."

குரலில் கோபம் இல்லை. நான் அதற்கு மெமோ எழுதவில்லை. எழுத எந்தப் பிரிவும் இல்லை.

ஒரகடத்துப் பையன் வாடை வந்ததும் ஓடிப்போய் ஒளியவில்லை, தானே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான் என்று அண்ணன் மகள் சொன்னாள். லைனை நிறுத்தும் பட்டன் அவன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறதாம். எதற்காக அங்கே வைத்தார்கள் என்று கேள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். 2016-இல் ஸ்டோர்ஸ் தம்பிக்கு நான் எழுதிய மெமோவின் நகலைப் பரணிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படிக்கக் கொடுப்பேன்.