விதை வாங்குமுன் கீழ் வீட்டைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு செண்ட் இடம் இருக்கிறது, காய்கறி போட்டு நாலு கோழியும் வளர்க்கலாம் என்று இருக்கிறோம், என்ன விதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் நீலகிரி மலையில், எங்கள் கோத்தகிரியில் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ரிட்டயர் ஆகி மேலே வந்தவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள், இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போதுதான் மண்வெட்டியைத் தொடுகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்குக் கீழே யார் வீடு இருக்கிறது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சமவெளியில் நாலு பக்கமும் காம்பவுண்டு கட்டிவிட்டால் உள்ளே நடப்பது உங்கள் பாடு. இங்கே உங்கள் பின்வாசல் மண் அடுத்த வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கிறது. உங்கள் குப்பைத் தொட்டியின் வாடை காடு வரைக்கும் போகிறது. அதனால் என் கட்சி இதுதான்: மலையில் முதல் வருஷக் காசு விதைக்கும் கோழிக்கும் போகக் கூடாது. வாய்க்காலுக்கும், மூடிக்கும், கம்பி வலைக்கும் போக வேண்டும். கேட்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். பரவாயில்லை.

முதலில் தண்ணீர். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நம்மை உண்மையில் மிரட்டுவது ஐப்பசி கார்த்திகை மழை. 2009 நவம்பரில் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்றும் ராத்திரியில் மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆனால் புதிதாகத் தோட்டம் போடுகிறவர் செய்யும் முதல் காரியம் என்ன? ஜேசிபியை வரவழைத்துச் சரிவை வெட்டுவது. வெட்டிய மண்ணை விளிம்பில் தள்ளிச் சமப்படுத்தி, அதன்மேல் பாத்தி. போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். தள்ளிய மண் இறுகாத மண். தண்ணீர் குடிக்கக் குடிக்கக் கனம் ஏறி, ஒரு நாள் மொத்தமாகக் கழன்று இறங்கும். போய் விழுவது நம் வீட்டில் இல்லையே என்பதுதான் இதில் இருக்கும் அநியாயம்.

பெரிதாக வெட்டவே வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே இரண்டடி அகலத்தில் சின்னச் சின்னப் படிகள் போதும். விளிம்பில் தானாக முளைத்த புல்லைச் சுத்தம் என்ற பெயரில் செதுக்காதீர்கள், மண்ணைப் பிடித்து நிறுத்துவது அதன் வேர். பாத்திகளுக்கு மேல்புறம் ஒரு வாய்க்கால் வெட்டி, கூரைத் தண்ணீரையும் அதிலேயே விட்டு, தெரு ஓடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் நிறுத்தினால் அது வாய்க்கால் இல்லை, கீழ் வீட்டுக்குப் போட்ட பைப். அப்புறம் அந்தத் தடுப்புச் சுவர். நடுநடுவே பைப் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதைச் சிமெண்ட் பூசி அடைத்தவர்களை எனக்குத் தெரியும். சுவருக்குப் பின்னால் ஊறும் தண்ணீர் வெளியே வர அது ஒன்றுதான் வழி. பைப் வாயில் பாசியும் வேரும் அடைத்திருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். முதலில் கொழகொழவென்று சேறு வரும், பின்னாலேயே செம்மண் தண்ணீர் பீறிட்டு முழங்காலில் அடிக்கும். அவ்வளவு பாரத்தை அந்தச் சுவர் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

அடுத்தது குப்பை. குழி தோண்டிச் சமையலறைக் கழிவைக் கொட்டினால் உரம் ஆகிவிடும் என்று சமவெளியில் இருப்பவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கே குளிரில் மக்குவதற்கு மாதங்கள் கூடுதலாக ஆகும். அதற்குள் கரடி வந்துவிடும். கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் ஊர் இது. மூக்குதான் அதற்கு வழிகாட்டி. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை ரோட்டில் யானை நிற்பதும் வாசனைக்குத்தான். திறந்த குழியில் பழத்தோலும் மீன் கழுவிய தண்ணீரும் கிடந்தால் கரடி உங்கள் வீட்டோடு நிற்காது. விடியற்காலை அதே சந்தில் பால் வாங்கப் போகிறவர் எதிரே வருவார்.

மூடி இறுக்கமாகப் பூட்டும் டிரம் வாங்குங்கள். அடியில் துளை போட்டு, ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. எண்ணெய்ப் பண்டம், மீன், கறி எதுவும் உள்ளே போகக் கூடாது. எஸ்டேட் ஓரங்களில் சில்வர் ஓக் சருகு கொட்டிக் கிடக்கிறது, லேசில் மக்காது, நறுக்கிப் போட்டால் வழிக்கு வரும். கற்பூர மரத்து இலை, அதாவது யூகலிப்டஸ் இலை வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கிறது.

காட்டெருமைக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. பீன்ஸ் பந்தலுக்குள் அது வந்துவிட்டால் வந்ததுதான், பச்சை வலையெல்லாம் அதற்குச் சிலந்தி வலை. அதற்காக வீட்டு கரண்ட்டை எடுத்து வேலிக் கம்பியில் விடும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம். அந்தக் கம்பியைத் தொடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கோழிக்கு வருவோம். எல்லோருக்கும் இதில்தான் ஆசை. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இட்டால் அதிகம், அடை உட்கார்ந்தால் 21 நாள் கூட்டைவிட்டு நகராது. தினமும் ஆம்லெட் என்ற கணக்கெல்லாம் இரண்டு கோழியில் வராது. கூண்டுத் தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மழை மாதங்களில் மரத்தூளை மாற்றிக்கொண்டே இருக்கத் தெம்பு உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கோழி வலை போதாது, மரநாயும் கீரியும் கிழித்துவிடும். வெல்ட் மெஷ் என்கிற கெட்டிக் கம்பி வலைதான், அதுவும் தரைக்குள் ஒரு அடி இறங்க வேண்டும். இருட்டுமுன் அடைத்துவிட வேண்டும். சிறுத்தை நடமாடும் தெருவில் ராத்திரி கொக்கரிக்கும் கோழியை வெளியே விடுவது அழைப்பிதழ் வைப்பதுதான். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். சிந்திய தீவனத்துக்கு எலி, எலிக்குப் பாம்பு.

கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் குஞ்சின் ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் ஆர்2பி தடுப்பூசி. கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஊசி போடாத ஒரு வீட்டிலிருந்து ஏரியாவே காலியாகும். செத்த கோழியை ஓடையில் வீசுகிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூட எவ்வளவு நேரம் ஆகும்? சேவல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முட்டை இட சேவல் தேவையே இல்லை. குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல். அக்கம்பக்கம் காலை நாலு மணிக்கு எழுந்துகொள்ளத் தயாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உருளைக்கிழங்கு போடாமல் நீலகிரித் தோட்டமா என்பார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கத்துக் கண்ணேரிமுக்கில் பங்களா கட்டினார். உருளையும் மற்ற இங்கிலீஷ் காய்கறிகளும் இந்த மலைக்கு வந்தது அவர் காலத்தில். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் சந்தையில் வாங்கிய கிழங்கு முளைத்துவிட்டது என்று அப்படியே புதைக்காதீர்கள். உருளை நூற்புழுவை இந்தியாவிலேயே முதன்முதலில் 1961-இல் கண்டது நம் மாவட்டத்தில். செடியைப் பிடுங்கி வேரை உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் முட்டை மூட்டை. மண்ணோடும் மழைத் தண்ணீரோடும் இறங்கிக் கீழ்த் தோட்டத்துக்குப் போய்ப் பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை உருளை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த குப்ரி சுவர்ணா, குப்ரி நீலிமா போன்ற ரகங்கள் இதைத் தாங்கும். நம்பகமான விதை கிடைக்காவிட்டால் அந்தப் பாத்தியில் பட்டாணி போடுங்கள். கொடியிலிருந்து உரித்து அங்கேயே வாயில் போடும் பச்சைப் பட்டாணிக்குக் கடைப் பட்டாணி உறவே இல்லை.

தற்சார்பு என்ற பெரிய வார்த்தையை மட்டும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அரிசியும் பருப்பும் வெங்காயமும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறித்தான் வரும். பின்கட்டுத் தோட்டம் கொடுப்பது கீரை, அவரை, பட்டாணி, மருந்து அடிக்காத நாலு கேரட். அப்புறம் மேரக்காய், சௌசௌ என்பார்களே அதுதான். முற்றி முளைவிட்ட காயை முழுசாகப் பாதி மண்ணில் படுக்க வைத்தால் போதும், வேறு வேலையே இல்லை. பந்தல் ஏறிக் காய்க்கத் தொடங்கினால் ஒரு வீட்டால் தின்று தீராது. கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் பண்ணலாம்.

இப்போதே தொடங்க வேண்டும் என்று பரபரப்பவர்களுக்கு: ஒரு ஐப்பசி மழை முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் மண் கரைகிறது, எந்த வழியாக யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். வாய்க்காலை அந்தக் குச்சிகளை வைத்து வெட்டுங்கள். விதையைத் தை பிறந்து வாங்கினால் போதும்.