பேஸ்பாலில் 'ஷிஃப்ட்' முழுக்கத் தடையா? இல்லை

'ஷிஃப்ட்' என்றால் பேட்டர் வழக்கமாக அடிக்கும் பக்கத்தில் ஃபீல்டர்களைக் குவிப்பது. "அமெரிக்க மேஜர் லீக்கில் ஃபீல்டர்கள் இனி இடம் மாறவே கூடாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

2023 முதல் உள்ள விதி இதுதான்: பிட்சர் (பந்து எறிபவர்) பந்தை விடும்வரை நான்கு இன்ஃபீல்டர்களும் (பேஸ்களுக்கு அருகே நிற்கும் ஃபீல்டர்கள்) இன்ஃபீல்டு எல்லைக்குள், இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இருவராக நிற்க வேண்டும். பந்து கையை விட்டதும் எங்கும் ஓடலாம். அவுட்ஃபீல்டர்களுக்கு (தொலைவில் நிற்பவர்கள்) இந்தக் கட்டுப்பாடே கிடையாது. ஒருவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தவும் செய்யலாம். மீறினால் பேட்டிங் அணிக்கு ஒரு 'பால்' (நான்கு சேர்ந்தால் பேட்டர் முதல் பேஸுக்குப் போகலாம்) கிடைக்கும், அல்லது அந்தப் பந்தில் நடந்ததையே அந்த அணி ஏற்கலாம்.

அப்புறம், "ஹிட்டுகள் எகிறிவிட்டன" என்பதும் மிகை. லீக் பேட்டிங் சராசரி (பேட்டர்களின் ஹிட் விகிதம்) 2022இல் .243, 2023இல் .248, 2024இல் மறுபடியும் .243. ஷிஃப்ட் அதிகம் குறிவைத்த இடதுகை பேட்டர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான். விதி வேண்டுமா என்று தாராளமாக வாதாடலாம், ஆனால் உள்ளதை வைத்து வாதாடுங்கள்.